பீப்பாய் மேல் பணம், ஆணி மேல் காசு: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் பழைய கார் ஒன்று வாங்கத் தேடிக்கொண்டிருக்கிறேன். தனிநபர் ஒருவர் கொடுத்த விளம்பரத்தில் விலைக்குக் கீழே 'கேஷ் ஆன் தி பேரல்ஹெட்' என்று போட்டிருக்கிறது. பீப்பாய்க்கும் காருக்கும் என்ன சம்பந்தம்? நோட்டுக்கட்டாகத்தான் கொண்டுபோக வேண்டுமா?

பதில்: பீப்பாயை மறந்துவிடுங்கள். 'கையில காசு, வாயில தோசை' என்று நாம் சொல்வோமே, அதை அவர் அமெரிக்க வழக்கில் சொல்லியிருக்கிறார். முழுத் தொகையும் வேண்டும், அதுவும் சாவி கைமாறுவதற்கு முன்னால். தவணை கிடையாது. 'பாதி இப்போது, மீதி சம்பளம் வந்ததும்' என்ற பேச்சுக்கே இடமில்லை.

பேரல்ஹெட் என்பது பீப்பாயின் தட்டையான மேல்பக்கம். பழைய காலத்து மதுக்கடைகளிலும் மளிகைக் கடைகளிலும் அதுவே மேஜையாக இருந்தது, அதன் மேல் காசை வைத்தால்தான் சரக்கு வரும் என்று ஒரு கதை சொல்வார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, ஆதாரம்தான் கிடையாது.

வாங்குபவர் கவனிக்க வேண்டியது வேறு. இந்தத் தொடரில் அழுத்தம் விழுவது 'கேஷ்' மேல் அல்ல, 'பேரல்ஹெட்' மேல். அதாவது பணம் எந்த வடிவில் வருகிறது என்பதைவிட எப்போது வருகிறது என்பதுதான் பேச்சு. பேரம் பேசிக் கடன் சொல்பவர்களை விலக்கத்தான் பலர் இதைப் போடுகிறார்கள். பேங்க் மூலம் அந்த நிமிடமே பணம் ஏறினால் அவர்களுக்குச் சம்மதம். சிலருக்கோ நோட்டுதான் வேண்டும். போன் செய்து கேட்டுவிடுங்கள், ஊகிக்க வேண்டாம்.

நோட்டுதான் வேண்டும் என்பவர் மேல் உடனே சந்தேகப்படவும் வேண்டாம். கேஷியர்ஸ் செக் என்று ஒன்று உண்டு, பேங்க் தன் பொறுப்பில் எழுதித் தரும் செக். அதிலேயே போலி ஏராளம். விற்றவர் கணக்கில் பணம் ஏறியதுபோலக் காட்டும், சில நாள் கழித்துப் போலி என்று தெரிந்து பேங்க் அந்தத் தொகையைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். அதற்குள் கார் எங்கேயோ போயிருக்கும். அதனால் அவர் பயப்படுவதிலும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேருமாக உங்கள் பேங்க் கிளைக்கே போய்விடுவது நல்லது. அவர் கண் முன்னாலேயே செக்கை எழுதி வாங்கலாம், அல்லது அங்கேயே நோட்டை எடுத்து எண்ணிக் கொடுக்கலாம். காரின் உரிமையைக் காட்டும் டைட்டில் பத்திரத்தில் அவர் கையெழுத்துப் போடுவதும் அதே மேஜையில் நடக்கட்டும். அதற்கு முன்பே அந்த டைட்டிலில் கடன் பாக்கி எதுவும் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். விற்பனைச் சீட்டும் ஒன்று எழுதி இரண்டு பேரும் கையெழுத்திடுங்கள். கைமாறியது நோட்டு என்றால், கொடுத்ததற்கு வேறு அத்தாட்சி இருக்காது.

ஒரு எச்சரிக்கை. 10,000 டாலருக்கு மேல் நோட்டாக எடுத்தால் பேங்க் அதை அரசுக்குத் தெரிவிக்கும். அது வழக்கமான நடைமுறை, உங்கள் மேல் குற்றம் சாட்டுவது அல்ல. ஆனால் அந்தத் தகவல் போகக் கூடாது என்று 9,000, 9,000 ஆகப் பிரித்து எடுத்தால், அப்படிப் பிரிப்பதே தனிக் குற்றம். நேர்மையான பணமாக இருந்தாலும் மாட்டிக்கொள்வீர்கள். ஒரே தடவையில் எடுங்கள், ஏன் என்று கேட்டால் கார் வாங்க என்று சொல்லுங்கள். டீலரிடம் வாங்கினால், 10,000 டாலருக்கு மேல் நோட்டாக வந்தது என்று அவரும் வருமான வரித் துறைக்கு 8300 என்ற படிவம் அனுப்ப வேண்டும். தன் சொந்தக் காரை விற்கும் தனிநபருக்கு அந்தக் கடமை இல்லை.

கேள்வி: என்னுடன் வேலை செய்யும் பிரிட்டிஷ்காரர் இதையே 'கேஷ் ஆன் தி நெயில்' என்கிறார். பிரிஸ்டல் நகரத்தில் 'நெயில்' என்ற பெயரில் மேஜைகள் இருக்கின்றன, அதிலிருந்து வந்தது என்றும் சொன்னார். உண்மையா? அந்த நெயில் ஆணியா, நகமா?

பதில்: மேஜைகள் உண்மை, அதிலிருந்து வந்தது என்பது பொய். நகம் என்பதற்குத்தான் சாட்சி அதிகம்.

பிரிஸ்டலில் கார்ன் ஸ்ட்ரீட் என்ற தெருவில், பழைய எக்ஸ்சேஞ்ச் கட்டடத்துக்கு வெளியே, இடுப்பளவு உயரத்தில் நான்கு வெண்கலத் தூண்கள் நிற்கின்றன. ஒவ்வொன்றின் தலையும் வட்டத் தட்டு. காசு உருண்டு கீழே விழாமல் இருக்க விளிம்பு கொஞ்சம் தூக்கியிருக்கும். தூரத்திலிருந்து பார்த்தால் தலை பெருத்த ஆணியைத் தரையில் அடித்தது போலத்தான் இருக்கும், பெயர் வந்ததும் அதனால் இருக்கலாம். வியாபாரிகள் இதன் மேல் காசை எண்ணி வைத்துக் கணக்கை முடித்தார்கள். நான்கில் மிகப் பழையதில் தேதி இல்லை. இன்னொன்று 1594இல் இறந்த ராபர்ட் கிச்சன் என்ற வணிகர் கொடுத்தது. மற்ற இரண்டில் 1625, 1631 என்ற ஆண்டுகள் உள்ளன. எக்ஸ்சேஞ்ச் கட்டடமே 1740களில்தான் வந்தது, தூண்கள் அதன் வாசலுக்கு வந்தது 1771இல். அயர்லாந்தின் லிமெரிக் நகரத்திலும் 1685ஆம் ஆண்டு தேதியிட்ட ஒரு 'நெயில்' உண்டு.

கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சாட்சி இருக்கும்போது கதை சுலபமாக ஒட்டிக்கொள்ளும். ஆனால் 14ஆம் நூற்றாண்டிலேயே, இங்கிலாந்தில் புழங்கிய ஆங்கிலோ-நார்மன் பிரெஞ்சில், 'நகத்தின் மேல் கொடுப்பது' என்ற தொடர் உடனே முழுதாகக் கொடுப்பது என்ற பொருளில் இருக்கிறது. ஜெர்மன் மொழியிலும் இதன் உறவுக்காரத் தொடர் உண்டு. பிரிஸ்டல் தூண்களில் தேதி தெரிந்தவை எல்லாம் அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் பின்னால் வந்தவை. ஆக, தொடர் முந்தி, தூண் பிந்தி. ஏற்கெனவே இருந்த சொல்லைப் பார்த்துத் தூணுக்குப் பெயர் வைத்திருந்தாலும் வியப்பில்லை. பணத்துக்கும் நகத்துக்கும் என்ன தொடர்பு என்பதற்கு விரல்நுனியில் காசை எண்ணிவைப்பது என்று ஒரு விளக்கம் உண்டு. அது ஊகம்தான்.

பயன்பாட்டுக்கு வருவோம். 'கேஷ் ஆன் தி நெயில்' பிரிட்டனிலும் அயர்லாந்திலும் புரியும். அமெரிக்கரிடம் சொன்னால் முழிப்பார், அவருக்குப் பீப்பாய்தான் பழக்கம். பிரிட்டிஷ்காரருக்குப் பீப்பாய் புரியும், ஆனால் கௌபாய் படத்து வசனம் போல ஒலிக்கும். இன்னொரு குழப்பமும் உண்டு: ஆணியின் தலையில் சரியாக அடிப்பது என்று ஆங்கிலத்தில் வேறு ஒரு மரபுத்தொடர், மிகச் சரியாகச் சொல்வது என்ற பொருளில். அதில் வருவது நிஜ ஆணி, பணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இரண்டையும் கலந்து பேசுபவர்கள் ஆங்கிலேயர்களிலேயே இருக்கிறார்கள்.

கேள்வி: 'கேஷ்' என்பதே நம் 'காசு'தான் என்று படித்தேன். அப்படியானால் இந்த மரபுத்தொடரில் பாதி தமிழ்தானே?

பதில்: ஆசைதான், ஆனால் இல்லை. ஆங்கிலத்தில் 'கேஷ்' என்று இரண்டு தனிச் சொற்கள் இருக்கின்றன. ரொக்கம் என்ற பொருளில் இன்று எல்லோரும் சொல்வது பிரெஞ்சு, இத்தாலிய மொழிகள் வழியாக வந்தது. அங்கே அதற்குப் பெட்டி என்று பொருள். முதலில் பணப்பெட்டியைக் குறித்தது, பிறகு பெட்டிக்குள் இருந்த பணத்தைக் குறித்தது. 'கேஷியர்' அந்த வீட்டுப் பிள்ளை.

இரண்டாவது 'கேஷ்' நம்முடையதுதான். தமிழ்க் காசை போர்ச்சுகீசியர்கள் தங்கள் வாய்க்கு ஏற்ப மாற்ற, அவர்களிடமிருந்து ஆங்கிலேயர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஆசியச் சிறுகாசுகளுக்கு அது பொதுப்பெயரானது. நடுவில் சதுர ஓட்டை போட்ட சீனச் செப்புக்காசை ஆங்கிலப் புத்தகங்கள் இன்றும் 'கேஷ்' என்றுதான் எழுதுகின்றன. சென்னையில் ஈஸ்ட் இந்தியா கம்பெனி கணக்கில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன். நாணய ஏலப் பட்டியல்களில் 'எக்ஸ் கேஷ்', 'எக்ஸ்எக்ஸ் கேஷ்' என்று பார்த்தால், ரோமன் எண்ணில் 10 காசு, 20 காசு என்று எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். நாணயம் சேகரிப்பவர்களுக்கு இது உதவும்.

கேள்வி: லண்டனில் வீட்டு வேலைக்கு ஆள் கூப்பிட்டேன். '2,400 பவுண்டு, கேஷ் இன் ஹேண்ட் என்றால் 2,000' என்கிறார். கேஷ் இன் ஹேண்டும் கேஷ் ஆன் தி நெயிலும் ஒன்றுதானா? ஒத்துக்கொள்ளலாமா?

பதில்: ஒன்றல்ல. 'ஆன் தி நெயில்' என்றால் உடனே என்று பொருள். கேஷ் இன் ஹேண்ட் என்றால் நேர்ப்பொருள் கையில் கொடுக்கும் ரொக்கம்தான், ஆனால் பிரிட்டனில் அதைச் சொல்லும் தொனியிலேயே 'கணக்கில் வராமல்' என்ற வாடை அடிக்கும். கம்பெனிக் கணக்குப் புத்தகத்தில் இதே தொடர் கையிருப்பு ரொக்கம் என்ற பொருளில் வரும், அங்கே எந்த வாடையும் இல்லை.

உங்கள் ஆள் சொன்ன இரண்டு விலைகளையும் பாருங்கள். 2,000க்கு 20 சதவீதம் 400. பிரிட்டனில் வாட் வரி 20 சதவீதம். அவர் தருவது தள்ளுபடி அல்ல, அரசுக்குப் போக வேண்டிய வரி. அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு பென்னிகூடக் குறையவில்லை.

ஆனால் அவசரப்பட்டுத் திருடன் என்று முடிவு கட்டவும் வேண்டாம். ஆண்டு விற்றுமுதல் 90,000 பவுண்டுக்குள் இருப்பவர் வாட் பதிவே செய்ய வேண்டியதில்லை (2024 ஏப்ரல் முதல் இதுதான் வரம்பு). அப்படிப்பட்டவர் வாட் போடாமல் பில் தருவது முழுக்கச் சட்டப்படி சரி. கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: '2,000க்கு எழுத்தில் பில் தருவீர்களா?' தருவேன் என்றால் நோட்டாகக் கொடுப்பதில் எந்தத் தவறும் இல்லை. 'கேஷ் என்றால் பில் எதற்கு?' என்று சிரித்தால், அந்தச் சிரிப்புக்கு விலை 400 பவுண்டைவிட அதிகமாக இருக்கலாம்.

ஏன் என்று சொல்கிறேன். மூன்று மாதம் கழித்துக் குளியலறைச் சுவரில் நீர் ஊறினால், வேலையைத் திறமையோடும் கவனத்தோடும் செய்திருக்க வேண்டும் என்று கேட்கும் உரிமை 2015ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தில் உங்களுக்கு இருக்கிறது. ரொக்கம் கொடுத்தால் அந்த உரிமை போய்விடாது. போவது நிரூபிக்கும் வழி. யார் செய்தார், என்ன செய்தார், எவ்வளவு வாங்கினார், எதற்கும் காகிதம் இல்லை. இன்னொன்றும் போகிறது. 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி, 100 பவுண்டுக்கு மேல் 30,000 பவுண்டு வரை விலையுள்ள பொருளையோ சேவையையோ கிரெடிட் கார்டில் வாங்கினால், விற்றவர் ஏமாற்றினாலும் திவாலானாலும் கார்டு கம்பெனியும் சேர்ந்து பொறுப்பு. மொத்தத்தையும் கார்டில் கொடுக்க வேண்டும் என்பதுகூட இல்லை, முன்பணத்தில் ஒரு பகுதியைக் கொடுத்திருந்தாலே முழு விலைக்கும் பாதுகாப்பு உண்டு. சோபா, சமையலறை அலமாரி என்று கொடுத்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்கும் சாமான்களுக்கு இதைப்போல் இன்னொன்று கிடையாது. டெபிட் கார்டுக்கு, போன பணத்தைத் திரும்பக் கேட்கும் 'சார்ஜ்பேக்' என்று ஒரு வழி இருக்கிறது, ஆனால் அது கார்டு நிறுவனங்களின் விதி, சட்டம் தந்த உரிமை அல்ல.

அப்புறம் 'அப் ஃப்ரண்ட்' என்ற சொல். வேலை தொடங்கும் முன்பே முழுப் பணமும் கேட்பவர்கள் அதைச் சொல்வார்கள். 'ஆன் தி நெயில்' கொடுக்கும்போது காசும் சரக்கும் ஒரே நேரத்தில் கைமாறுகின்றன, இரண்டு பக்கமும் சமம். அப் ஃப்ரண்டில் உங்கள் காசு போய்விட்டது, சரக்கு இன்னும் வரவில்லை. முதலில் பொருள் வாங்க ஒரு தொகை, பாதி வேலையில் ஒரு தொகை, முடிந்து பார்த்தபின் மீதி என்று பிரித்துக்கொள்ளுங்கள். நல்ல வேலைக்காரர் எவரும் இதற்கு முகம் சுளிக்க மாட்டார்.

கேள்வி: இங்கிலாந்தில் வீட்டு விளம்பரங்களில் 'கேஷ் பையர்ஸ் ஒன்லி' என்று வருகிறதே. அவ்வளவு பணத்தைப் பெட்டியில் தூக்கிக்கொண்டு யார் போவார்கள்?

பதில்: யாரும் போக மாட்டார்கள். போனாலும் வக்கீல் உள்ளே விட மாட்டார். வீட்டு வியாபாரத்தில் கேஷ் பையர் என்றால் அடமானக் கடன் வாங்காமல், தன் பணத்திலேயே முழு விலையையும் கட்டக்கூடியவர். பணம் பேங்கிலிருந்து வக்கீல் கணக்குக்குப் போய், அங்கிருந்து விற்பவர் வக்கீலுக்குப் போகும். நடுவில், இந்தப் பணம் உங்களுக்கு எப்படி வந்தது என்று ஆதாரம் கேட்பார்கள். பணமோசடித் தடுப்பு விதிப்படி அது அவர்கள் கடமை. 'என் பழைய வீடு விற்றதும் பணம் வரும்' என்பவர் கேஷ் பையர் அல்ல, அப்படிச் சொல்லிக்கொண்டு ஏஜென்டிடம் போய் முகம் சிவந்து திரும்பியவர்கள் உண்டு.

'ஒன்லி' என்ற சொல்லில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். விற்பவருக்கு அவசரம் என்பதாகவும் இருக்கலாம், இந்த வீட்டுக்கு எந்த பேங்கும் கடன் தராது என்பதாகவும் இருக்கலாம். சுவரில் விரிசல், குத்தகைக் காலம் குறைவு, வழக்கத்துக்கு மாறான கட்டுமானம் என்று காரணம் ஏதாவது இருக்கும். உங்களிடம் பணம் இருப்பதால் வாங்கிவிடலாம். நாளைக்கு நீங்கள் விற்கப்போகும்போது உங்களுக்கும் கேஷ் பையர்தான் வர வேண்டும். கட்டடத்தின் நிலையைப் பரிசோதிக்கும் சர்வேயர் ஒருவரை அனுப்பிப் பார்க்காமல் விலை பேசாதீர்கள்.

கேள்வி: 'கார்டு மட்டும்' என்று பலகை வைத்திருக்கும் கடையில் நோட்டை நீட்டினேன், வாங்க மறுத்தார்கள். நோட்டு லீகல் டெண்டர், அதாவது சட்டப்படி செல்லும் பணம் அல்லவா?

பதில்: லீகல் டெண்டருக்கு எல்லோரும் நினைக்கும் பொருள் இல்லை. ஏற்கெனவே பட்ட கடனை அதில் அடைக்க முன்வந்தால், கட்டவில்லை என்று வழக்குப் போட முடியாது, அவ்வளவுதான். கடையில் நீங்கள் இன்னும் எதையும் வாங்கவில்லை, கடனும் இல்லை. பிரிட்டனில் கடைக்காரர் எதை வாங்குவது என்று தானே முடிவு செய்யலாம். ஸ்காட்லாந்தில் எந்த நோட்டுமே லீகல் டெண்டர் இல்லை, ஆனாலும் அங்கே வியாபாரம் நன்றாகத்தான் நடக்கிறது. சில்லறைக்கும் வரம்பு இருக்கிறது: ஒரு பென்னி, இரண்டு பென்னி நாணயங்கள் 20 பென்ஸ் வரைதான் செல்லும். அபராதத்தைச் சாக்குமூட்டையில் செப்புக்காசாகக் கட்டிப் பழிவாங்க நினைப்பவர்களுக்கு வருத்தமான செய்தி.

அமெரிக்காவில் டாலர் நோட்டிலேயே 'எல்லாக் கடன்களுக்கும்' என்று அச்சடித்திருக்கிறது. இருந்தும் தனியார் கடை ரொக்கம் வாங்கியே ஆக வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் இல்லை. இடத்துக்கு இடம் மாறும். மாசசூசெட்ஸில் 1978 முதலே சில்லறைக் கடைகள் ரொக்கத்தை மறுக்கக் கூடாது. நியூ ஜெர்சி 2019இலும் நியூயார்க் நகரம் 2020இலும் அதுபோலச் சட்டம் போட்டன. பேங்க் கணக்கே இல்லாத ஏழைகள் ரொட்டி வாங்க முடியாமல் போகிறது என்பதுதான் அங்கே வாதம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

கேள்வி: ஆபீஸ் ஈமெயிலில் 'ஆன் தி நெயில்' என்று எழுதலாமா?

பதில்: தெரிந்த ஆள் என்றால் எழுதலாம். ஒப்பந்தம், இன்வாய்ஸ், நோட்டீஸ் எதிலும் வேண்டாம். அங்கே 'பொருளைப் பெற்றதும் முழுத் தொகை' என்று வெறுமையாக எழுதுங்கள். 'ரெடி மணி', 'ரெடி கேஷ்' கொஞ்சம் பழைய வாசனை உள்ளவை, ஆனால் மரியாதையானவை. 'ரெடீஸ்' கொச்சை. 'ஹார்ட் கேஷ்' ஒரு காலத்தில் காகித நோட்டுக்கு எதிராக உலோக நாணயத்தைக் குறித்தது, இப்போது வெறும் அழுத்தத்துக்குத்தான்.

கேள்வி: கடன் சொல்வதற்கு இவற்றைப்போல் தொடர் உண்டா?

பதில்: ஏராளம். பிரிட்டனில் 'ஆன் டிக்' என்றால் பாக்கி வைத்து வாங்குவது, கடன் சீட்டைக் குறித்த 'டிக்கெட்'டின் சுருக்கம். மதுக்கடைப் பாக்கி என்றால் 'ஆன் தி ஸ்லேட்', சிலேட்டில் எழுதிவைத்த கணக்கு. தவணை முறைக்கு 'நெவர்-நெவர்' என்று கேலிப்பெயர், கட்டி முடியவே முடியாது என்ற பொருளில். இன்று செயலிகளில் வரும் 'இப்போது வாங்கு, பிறகு கட்டு' திட்டங்களுக்கும் இந்தப் பெயர் அப்படியே பொருந்தும்.

கேள்வி: கடைசியாக ஒன்று. 'கேஷ் டவுன்' என்றால் முழுப் பணமா, முன்பணமா?

பதில்: சொல்பவரைப் பொறுத்தது. தனியாக வந்தால் முழுத் தொகையும் உடனே என்று பொருள். '500 டவுன்' என்று எண்ணோடு வந்தால் அது முன்பணம், மீதி தவணையில். டவுன் பேமென்ட் என்பதும் அதுவே. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது எப்போதும் இந்த 500தான். அதன் கீழே பொடி எழுத்தில் மாதத் தவணை, எத்தனை மாதம், மொத்தம் எவ்வளவு என்று இருக்கும். அங்கேயே 'கேஷ் பிரைஸ்' என்றும் ஓர் எண் இருந்தால், அது கடன் செலவு சேராத விலை. மொத்தத்திலிருந்து அதைக் கழித்தால், தவணைக்காக எவ்வளவு கூடுதலாகக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்துவிடும்.